செத்தவன் திரும்பி வரும் இதழ்

"செத்தவன இன்னாத்துக்கு எழுப்புறானுங்க, கடக்காரரே?"

பழவேற்காடு பஜாரில் நான் வைத்திருந்த ஜெராக்ஸ் கடைக்குள் வந்து, கூரியர் பார்சலைப் பிரித்து, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிட்டு அந்த அக்கா கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. கேட்டுவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியை மின்விசிறிக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பிப்பார்.

படிப்பது சூப்பர் ஹீரோ காமிக்ஸ். யாரோ ஒரு சின்னப் பதிப்பகத்தார் தமிழில் மொழிபெயர்த்துச் சந்தா கட்டியவர்களுக்கு மாதாமாதம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்துக்கு வரும் கூரியர் எல்லாம் என் கடையில்தான் இறங்கும்.

அக்காவுக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது. பகலெல்லாம் நண்டுக் கம்பெனிக் கொட்டகையில் வேலை. உயிர் நண்டின் கொடுக்கை மடக்கிக் கயிற்றால் கட்டவேண்டும். விரலில் ஒரு வெட்டு ஆறுவதற்குள் அடுத்தது விழுந்துவிடும். கடைக்கு வந்ததும் பின்னால் இருந்த குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவி, முந்தானையில் துடைத்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். திருப்தியில்லை என்றால் மறுபடியும் கழுவுவார். அதற்கப்புறம்தான் புத்தகத்தைத் தொடுவார்.

"நாத்தம் ஏறிச்சுன்னா போவாது. இது என்னுது இல்ல."

உண்மைதான். பார்சலின் மேல் இருந்தது அவருடைய தம்பியின் பெயர்.

தம்பி லைட்ஹவுஸ் குப்பத்தில் ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவன். எனக்கும் பழக்கம். பார்சல் வந்துவிட்டதா என்று கேட்டுப் பாலத்தைத் தாண்டி சைக்கிளில் வந்து நிற்பான். ஒரு வாடைக்காற்றுக் காலத்தில், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில், அவன் போன படகு அலையில் புரண்டது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறிவிட்டார்கள். அவன் ஏறவில்லை. குப்பமே படகெடுத்துத் தேடியது. ஆந்திரா கரைப்பக்கம் வரைக்கும் ஆள் போனது. உடலும் கிடைக்கவில்லை.

வருஷ சந்தா கட்டியிருந்தான். அடுத்த மாதம் புத்தகம் வந்து என் மேஜையில் உட்கார்ந்துகொண்டது. திருப்பி அனுப்புவதா என்று கேட்டு அவன் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். அக்கா வந்தார். அழுவார் என்று பயந்திருந்தேன். அவர் கத்தரிக்கோல் கேட்டார்.

"அவன் வந்தா கேப்பான். நடுவுல இன்னா ஆச்சுன்னு யாரு சொல்றது?"

அப்படி ஆரம்பித்ததுதான். சந்தா தீர்ந்ததும் அதே பெயரில் மறுபடி கட்டினார். அதற்குள் அவரே பெரிய ரசிகையாகிவிட்டிருந்தார். ரசிகை என்றால், வந்ததையெல்லாம் ஆகா என்று சொல்லும் ரசிகை அல்ல.

"இப்ப வர்றது எல்லாமே ஒரே இருட்டு. பக்கம் பூரா கறுப்பு மசி. அடிக்கிறவன் யாரு, வாங்குறவன் யாருன்னே தெரியல" என்பார். ஒரே புத்தகத்தில் பத்து இருபது ஹீரோக்கள் வந்து நிற்பது அவருக்கு ஆகவே ஆகாது. "திருவிழாக் கூட்டம் மாதிரி வந்து நிக்கிறானுங்க. ஒருத்தனுக்கும் ஒரு வார்த்த பேச நேரமில்ல." ஹீரோ சுத்தத் தமிழ் பேச, அடியாள் மட்டும் மெட்ராஸ் பாஷை பேசுவதைப் பார்த்து ஒருநாள் புத்தகத்தை மேஜைமேல் அறைந்தார். "நம்மள மாதிரி பேசுறவன் எல்லாம் இவனுக்குத் திருடனா? பேமானி!"

அவருக்குப் பிடித்த கதை என்று எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று. மின்னல்கொடி என்று பறக்கும் பெண் ஒருத்தி. வாழ்நாளெல்லாம் அவளைக் கொல்லப் பார்த்த வில்லன் கிழவனாகி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்கிறாள். புத்தகம் முடியும்வரை உட்கார்ந்தே இருக்கிறாள். "பறக்கத் தெரிஞ்சவ பறக்காம உக்காந்துனு இருந்தா பாரு, அதான் கதை" என்று அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்.

தண்ணீருக்குள் நடக்கும் காட்சி வந்தால் படிக்க மாட்டார். நீலமாக ஒரு பக்கம் தொடங்கினாலே அந்தத் தாள்களைச் சேர்த்துப் பிடித்து என் பக்கம் நீட்டுவார். நான் பார்த்துச் சொல்லவேண்டும்.

"வெளிய வந்துட்டானா?"

"வந்துட்டான்க்கா."

"எந்தப் பக்கத்துல?"

அந்தப் பக்கத்திலிருந்து மேலே படிப்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் ஊரில் அந்த வயதுப் பெண்கள் கடைக்காரனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஒருநாளும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கடக்காரரேதான்.

அவருடைய பெரிய கோபம் சாம்பல் வல்லூறு மேல். தம்பிக்கு உயிரான ஹீரோ அது. கறுப்பு அட்டை போட்ட சிறப்பிதழ் ஒன்றில் அந்த வல்லூறு செத்துப் போனது. அக்கா அன்றைக்கு வாய் திறக்காமல் எழுந்து போனார். சில மாதம் கழித்து வந்த இதழில் அது மறுபடி உயிரோடு நின்றது. அதாவது, அதே ஆள் இல்லை. வேறொரு உலகத்திலிருந்து வந்த வேறொரு சாம்பல் வல்லூறு. அதே முகம், அதே உடுப்பு. செத்தவனின் மனைவி ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள். நகரமே கைதட்டுகிறது.

"அப்ப செத்தவன்?" என்றார் அக்கா. "அவனுக்குன்னு யாரு அழுவுறது? எடத்த ரொப்பிட்டா ஆச்சா?"

"படிக்கிறவங்க கேக்குறாங்கக்கா. அவரு இல்லாம புக்கு ஓடாது."

"கேட்டா குடுத்துடுவாங்களா? நானுந்தான் கேக்குறேன், தெனமும்." புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னார்: "அவன் வேற, அவன் மாதிரி வேற."

இதைச் சொன்ன அக்காவைத்தான் நான் பிறகு எளாவூரில் பார்த்தேன்.

அக்காவின் தாய்மாமன் ஒருநாள் போனில் ஒரு போட்டோவோடு வந்தார். இறால் லாரி ஓட்டும் ஒருத்தர் எடுத்து அனுப்பியது. ஆந்திரா எல்லையில், எளாவூர் செக்போஸ்ட் பக்கம் டீக்கடையில் கிளாஸ் கழுவும் ஆள். போனை வாங்கிப் பார்த்தேன். தம்பியேதான். கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் இளைத்து. ஸ்டேஷன், கேஸ் என்று வந்தால் பேச ஒரு ஆள் வேண்டும் என்று என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார்கள். அக்கா, அவருடைய அம்மா, மாமா, நான். வழியெல்லாம் அந்த அம்மா பேசிக்கொண்டே வந்தார்.

டீக்கடையில் அந்த மனிதர் வாளித் தண்ணீரில் கிளாஸை அலசிக்கொண்டிருந்தார். ஆட்டோ நிற்பதற்குள் அந்த அம்மா இறங்கிவிட்டார். போய் இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டியாடா கண்ணு?"

அவர் கையிலிருந்த கிளாஸை உடையாமல் பலகைமேல் வைத்தார். பிறகு, "அம்மா" என்றார். வயதான எந்தப் பெண்ணையும் அவர் அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்.

டீக்கடைக்காரர் எங்களிடம் சொன்னார்: "மழைல நனைஞ்சு ஜொரத்தோட வந்து படுத்தாருங்க. பேரு கேட்டா தெரியலன்றாரு. தமிழும் பேசுறாரு, தெலுங்கும் பேசுறாரு. ஸ்டேஷன்ல சொல்லி வெச்சேன். யாரும் தேடிகினு வர்ல."

அக்கா கிட்டே போகவில்லை. தள்ளி நின்று அந்த மனிதரின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பல வருஷத்துக்கு முன் வலைக்கயிறு சுற்றி இழுத்ததில் தம்பிக்கு இடது ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. இந்தக் கையில் எல்லா விரலும் முழுதாக இருந்தன.

"அவன் இல்ல" என்றார் என்னிடம்.

"நல்லாப் பாருங்கக்கா."

"வெட்டுப்பட்ட வெரலு காமிக்ஸ்லதான் மொளைக்கும், கடக்காரரே."

அம்மாவிடம் போய்க் காதில் சொன்னார். அந்த அம்மா காதில் விழாததுபோல அந்த மனிதரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து ஆட்டோவில் உட்கார வைத்துக்கொண்டார். அவரும் மறுப்புச் சொல்லாமல் ஏறினார். பழவேற்காடு வரும்வரை அவருடைய இடது கை அந்த அம்மாவின் மடியிலேயே இருந்தது. அதன் ஆள்காட்டி விரலை அந்த அம்மா தன் உள்ளங்கைக்குள் மூடி வைத்திருந்தார்.

குப்பத்தில் யாரும் ஏமாறவில்லை. முதல் நாளே வந்து விரலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனாலும் முகம் முகம்தானே. தெருவில் அவர் எதிரில் வந்தால் பேசிக்கொண்டு போகிறவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அன்றைக்குப் படகில் போய் உயிர் தப்பியவர்களில் ஒருத்தன் அந்தத் தெருப்பக்கம் வருவதையே விட்டுவிட்டான். அந்த மனிதர் பாவம், யார் எந்த வேலை கொடுத்தாலும் செய்தார். கருவாடு காயப்போட்டார், தண்ணீர் தூக்கினார். மற்ற நேரத்தில் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தம்பியின் சட்டை அவருக்கு அளவாக இருந்தது.

அக்கா அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. தம்பி என்றும் சொல்லவில்லை. "இந்தாப்பா, சோறு" என்பார், அவ்வளவுதான்.

பார்சல் எதுவும் வராத ஒரு நாள் அக்கா வேகமாகக் கடைக்குள் வந்தார். கை கழுவவில்லை. நாற்காலியிலும் உட்காரவில்லை.

"ஒத்தக்கண்ணன் இன்னா ஆனான்னு கேக்குறாரு, கடக்காரரே."

எனக்கு முதலில் புரியவில்லை. ஒத்தக்கண்ணன் என்பது பழைய கதையொன்றில் வந்த வில்லன். அந்த இதழ் வந்தது படகு கவிழ்வதற்கு முன்னால். தம்பி இருந்தபோது.

"நீங்க எதுனா சொன்னீங்களா?"

"இல்லக்கா. நான் அவருகிட்ட பேசினதே இல்ல."

"நானும் சொல்லல. அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது." அவர் முகத்தில் நான் அப்படியொரு பயத்தைப் பார்த்ததில்லை. பயம் மட்டும்தானா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. விரலைப் பார்த்த கண், தப்பாகப் பார்த்திருக்குமோ என்ற ஓர் ஆசையும் அதில் இருந்திருக்கலாம்.

விஷயம் பிறகு தெரிந்தது. கட்டிலுக்கடியில் தகரப் பெட்டியில் தம்பியின் புத்தகங்கள் இருந்தன. அக்கா கொட்டகைக்குப் போன பிறகு அந்த மனிதர் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்திருக்கிறார். அவருக்கு எழுத்து தெரியும் என்பதே அதுவரை யாருக்கும் தெரியாது.

"பாத்தீங்களா?" என்றார் அக்கா, பிறகொரு நாள் கடையில் வந்து உட்கார்ந்து. "இப்படித்தான் புதுசா வர்ற கதைல எல்லாம் நடக்குது. மொதல்ல சட்ட. அப்பால கட்டிலு. இப்ப புக்கு. அடுத்தது பேருதான்."

"டீக்கடைக்கே திரும்பக் கொண்டுபோய் வுட்டுடலாமா அக்கா?"

"அம்மா இப்ப வேள தவறாம சாப்புடுது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பெட்டிக்குப் பூட்டு வாங்கிப் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க நான் குப்பத்துக்குப் போயிருந்தேன். கருவாடு விரித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், படகு நிழலில் அக்காவும் அந்த மனிதரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா புது இதழைச் சத்தமாகப் படித்துக் கொண்டிருந்தார். சாம்பல் வல்லூறு கதை. வேறு உலகத்துக்காரன், செத்தவன் வீட்டில் செத்தவன் தட்டில் சாப்பிடுகிறான். அக்கா வழக்கம்போலப் படிப்பதை நிறுத்தித் திட்ட ஆரம்பித்தார்.

அந்த மனிதர் குறுக்கே பேசினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அவரு மேல இன்னாக்கா தப்பு? அவரு ஒலகமே அழிஞ்சு பூடுச்சு. ரெண்டாம் பக்கத்துல போட்டுக்கீறான். அவரு எங்கதான் போவாரு?"

அக்கா இரண்டாம் பக்கத்துக்குத் திருப்பினார். அங்கே ஒரு மூலையில் சின்னக் கட்டத்தில் இடிந்த ஊர் ஒன்று இருந்ததாம். அடுத்த தடவை கடைக்கு வந்தபோது என்னிடம் சொன்னார்: "தபால்தல சைஸுக்குப் போட்டிருந்தான். நான் அத்தத் தாண்டிப் போய்ட்டேன்."

அந்த அம்மா அதிக நாள் இருக்கவில்லை. நெஞ்சில் சளி கட்டிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. படுக்கையில் இருந்தபோது ஒருநாள் அந்த மனிதர் வெளியே போனதும் மகளைக் கிட்டே கூப்பிட்டாராம். "வெரலு எண்ணத் தெரியாதவளாடி நானு? அவன் போய்ட்டான்னு எனக்கும் தெரியும். இவன் அங்க பசியோட நின்னுகினு இருந்தான். இட்டாந்தேன்" என்றாராம். இதை அக்கா என் கடையில் உட்கார்ந்து சொன்னபோது கையிலிருந்த புத்தகத்தின் முனையைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தார். அந்தப் புத்தகங்களை அவர் அப்படிக் கசக்கி நான் பார்த்ததே இல்லை.

சாவுக்கு நான் போயிருந்தேன். பாடை கட்டி முடித்தாயிற்று. கொள்ளிச்சட்டி யார் கையில் என்ற பேச்சு வந்தது. தாய்மாமன் முன்னால் வந்தார். பெரியவர்களில் ஒருத்தர் கையைக் காட்டி நிறுத்தினார். அந்த மனிதர் தெருவோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தார்.

"எம்மா, நீயே சொல்லு" என்றார் பெரியவர் அக்காவிடம். "இவன் உன் தம்பியா, இல்லியா? பதில் சொன்னாத்தான் பொணம் எடுக்க முடியும்."

ஆமாம், தம்பிதான் என்று அக்கா சொல்லிவிடுவார் என்று நான் நினைத்தேன். அப்போதைக்கு அதுதான் சுலபம்.

அக்கா எழுந்து நின்றார். "எனக்குத் தம்பி இல்ல" என்றார். பிறகு பாடையைக் காட்டி, "இதுக்குப் புள்ளதான்" என்றார்.

கொள்ளிச்சட்டியை அந்த மனிதரின் கையில் கொடுத்தார்கள்.

கருமாதி கடற்கரையில் நடந்தது. அம்மாவுக்குச் செய்யவேண்டியதெல்லாம் முடிந்து, அந்த மனிதர் ஈர வேட்டியோடு எழுந்தபோது அக்கா சொன்னார்: "இன்னொன்னும் கீது. அவனுக்கும் செஞ்சிடு."

இத்தனை வருஷமாக ஊரே சொல்லியும் தம்பிக்குக் காரியம் செய்யவிடாதவர் அவர். சடங்கு செய்துவைத்த ஐயர் பெயர் கேட்டார். அக்கா தம்பியின் பெயரைச் சொன்னார். செத்தவனுக்கு இவர் என்ன உறவு என்று ஐயர் கேட்டார்.

"உறவு இல்லீங்க. ஆனா இவருதான் செய்யணும். அந்த மொகமே போய்ச் சொன்னாத்தான் கடலு வுடும்."

தம்பியின் முகத்தோடு ஒருத்தர், தம்பியின் பெயரைச் சொல்லிக்கொண்டு, எள்ளும் தண்ணீரும் பிண்டமும் எடுத்து இடுப்பளவு அலைக்குள் இறங்கினார். கரையில் நின்ற பெண்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்கும் திருப்பிக்கொள்ளத் தோன்றியது. அக்கா கண்ணை எடுக்கவில்லை. ஒரு பெரிய அலை வந்து அந்த மனிதரின் தலைக்குமேல் போயிற்று. அலை வடிந்தது. அவரைக் காணவில்லை. அக்கா ஓடினார். ஓடிய வேகத்தில் முழங்கால் தண்ணீரில் விழுந்து எழுந்தார். "தம்பி! டேய் தம்பி!" என்று அவர் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

அந்த மனிதர் கொஞ்சம் தள்ளி எழுந்து நின்றார், இருமிக்கொண்டு. அக்கா போய் அவர் தோளைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தார். இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். யாரைக் கூப்பிட்டார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டதில்லை.

அடுத்த மாதம் சந்தா தீர்ந்தது. மறுபடி கட்டும்போது, பெயர் என்ன போட என்று கேட்டேன். தன் பெயரைச் சொன்னார். அன்றைக்கே தம்பியின் ஆதார் கார்டைக் கொடுத்து, அதிலிருந்த படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தரச் சொன்னார். என் கம்ப்யூட்டரில் அந்த முகத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தபோது அது யாருடைய முகம் என்று எனக்கே ஒரு நிமிஷம் குழம்பிவிட்டது.

பிறகு நான் கடையைப் பொன்னேரிக்கு மாற்றிக்கொண்டேன். போவதற்கு முன் சொல்லிக்கொள்ள அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா வெளியே கல் அடுப்பில் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். மின்னல்கொடியை இப்போது யாரோ புதுசாக வரைகிறானாம், மூக்கைக் கெடுத்துவிட்டானாம். அரைமணி நேரம் அதைப் பற்றித்தான் பேசினார். தண்ணீர் குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். சுவரில் தம்பியின் படம் மாலையோடு தொங்கியது. அந்த மனிதர் அதன் முன்னால் நின்று, மாலையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, அந்தக் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தார்.